வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்?

நாலைந்து நாள் தங்குவதற்குச் சந்தடியில்லாத ஊர் ஒன்று சொல்லுங்கள் என்று நண்பர்கள் கேட்டால், புதுச்சேரி என்று சொல்லிவிடுவது என் வழக்கம். சங்கடம் அடுத்த கேள்வியில்தான் வரும். "அங்கே எந்தப் பக்கத்தில் ஜாகை பார்க்கலாம்?" இதற்குப் பதில் சொல்ல முந்நூறு வருஷத்துக் கதையை எடுக்க வேண்டியிருக்கிறது. நண்பர்கள் பொறுமைசாலிகள் அல்ல. வாசகர்கள் பொறுத்துக் கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

பெரும்பாலோர் விரும்புவது கடலோரத்துப் பகுதியை. காரணம் கேட்க வேண்டியதில்லை. துய்மா வீதியில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். நூல் பிடித்தாற்போல் நேரான தெரு. இரு பக்கமும் மஞ்சளும் வெள்ளையும் பூசிய உயர்ந்த மதில்கள். மதிலுக்கு மேலே தலையை நீட்டும் காகிதப்பூக் கொடி. காக்காய்கூட அங்கே கொஞ்சம் மரியாதையாகவே கரைவதுபோல் தோன்றும். பக்கத்திலேயே ரொமேன் ரோலான் பெயரில் ஒரு வீதி. இந்தியாவுக்கு வராமலே ராமகிருஷ்ணரையும் காந்தியடிகளையும் பற்றிப் புத்தகம் எழுதிய மனிதர். எழுத்தாளன் பெயரில் தெரு இருக்கிற ஊர் என்பதில் எனக்குத் தனித் திருப்தி உண்டு.

இந்த நேர்கோடுகளுக்காகப் பிரெஞ்சுக்காரர்களைப் புகழ்கிறவர்கள் உண்டு. அதில் பாதிப் புகழ் டச்சுக்காரர்களுக்குப் போக வேண்டும். 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் வளர்க்கத் தொடங்கிய ஊரை, 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்துக் கொண்டார்கள். 1699-ல் திருப்பிக் கொடுப்பதற்குள் கட்டம் கட்டமாகத் தெருக்களுக்குத் திட்டம் போட்டுவிட்டார்கள். நாளடைவில் ஊரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு வாய்க்கால் எல்லையாக நின்றது. கிழக்கே வெள்ளைப் பட்டணம், மேற்கே கறுப்புப் பட்டணம். பெயர் வைத்தவர்கள் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. கிழக்குத் தெருக்களுக்குக் கவர்னர்கள், தளபதிகள், ராஜாக்கள் பெயர்; மேற்கே வெள்ளாளர் வீதி, கோமுட்டி வீதி, செட்டித் தெரு. கட்டம் போட்டது ஐரோப்பியர்; கட்டத்துக்குள்ளே ஜாதி பிரித்து உட்கார்ந்தது நாம்.

ஆனால் இன்று நாம் பார்ப்பது துய்ப்ளேக்ஸ் நடந்த பட்டணம் அல்ல. 1761 ஜனவரியில் நீண்ட முற்றுகைக்குப் பின் ஆங்கிலேயரிடம் ஊர் சரணடைந்தது. கோட்டையையும் மாளிகைகளையும் அவர்கள் திட்டமிட்டு இடித்துத் தள்ளினார்கள். துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்து, 1736 முதல் தினசரிக் குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்னால்தான் கண்ணை மூடினார். அந்தக் காட்சியைக் காணாமல் போனது அவர் செய்த புண்ணியம். 1748-ல் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததை, அவர்களிடமே உத்தியோகம் பார்த்துக்கொண்டு, தடுக்க வகையில்லாமல் பார்த்து எழுதி வைத்தவர் அவர். ஒரு மனிதருக்கு ஓர் இடிபாடு போதும்.

1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். லா தெ லொரிஸ்தோன் என்ற கவர்னர் பழைய தெருக்கோடுகளின் மேலேயே ஊரை எழுப்பினார். ரங்கப்பிள்ளையின் மாளிகை போன்ற சிலவற்றை விட்டால், நம்மை மயக்குகிற வீடுகளெல்லாம் அதற்குப் பிற்பட்டவைதான்.

இனி வீடுகளுக்கு வருகிறேன். அமைதியின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது.

மேற்கே உள்ள பழைய தமிழ் வீட்டைப் பாருங்கள். தெருவை ஒட்டிச் சாய்ந்து இறங்கும் கூரை, அதைத் தாங்கும் மரத்தூண்கள். அந்தத் தாழ்வாரத்து நிழல் வழிப்போக்கனுக்கு. அடுத்தாற்போல் திண்ணை, அது தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும். நடையைத் தாண்டி முற்றம், அது உறவுக்கு. அந்நாளில் ஊருக்கு வந்தவன் ஜாகை தேடி அலைய வேண்டியதில்லை. மழை பிடித்துக்கொண்டால் ஏதாவது ஒரு திண்ணை கிடைக்கும். ஜாதி கேட்காத திண்ணை எல்லாத் தெருவிலும் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும் திண்ணை இருந்தது.

கடலோரத்து வீட்டுக்குத் திண்ணை கிடையாது. மதில், அலங்காரமான வாயிற்கதவு, உள்ளே தோட்டம், தோட்டத்தைப் பார்த்த தூண் வராந்தா. வீட்டின் முகமே உள்ளே திரும்பியிருக்கிறது. தெருவில் உட்கார இடமில்லாததால் பேச்சில்லை. நாம் காசு கொடுத்து அனுபவிக்கிற அமைதி, அன்னியனை வெளியே நிறுத்துவதற்காகக் கட்டிய மதிலின் அமைதி.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த மணலில் அமர்ந்துவிட்ட மணக்குள விநாயகர், வெள்ளைப் பட்டணத்தின் நடுவே இன்றும் மணியடித்துக் கொண்டிருக்கிறார். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்தபோது, அழுத ஜனங்களால் மௌனமான அந்த வீதிகளெல்லாம் நிறைந்து போயின.

அடைக்கலம் தேடி வந்தவர்கள் எந்தப் பக்கம் தங்கினார்கள்? 1908-ல் கைதுக்குத் தப்பி வந்த பாரதியார் குடியிருந்தது மேற்கே. 1910 ஏப்ரலில் வந்த அரவிந்தர் முதல் ஆறு மாதம் இருந்தது கோமுட்டி வீதியில், சங்கர செட்டியார் வீட்டு மாடியில். ஆங்கிலேயரின் ஒற்றர்கள் தெருமுனையில் நிற்க, பால்காரனும் கடன்காரனும் வாசலில் குரல் கொடுக்க, பாரதியார் 'பாஞ்சாலி சபத'மும் 'குயில் பாட்டு'ம் எழுதினார். அமைதி இருந்தால்தான் பேனா ஓடும் என்கிற சக எழுத்தாளர்களுக்கு, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் அவருடைய வீட்டைப் போய்ப் பார்க்கும்படி சொல்லுவேன்.

1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கை மாறியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் முடிந்தது. கிழக்குப் பகுதி வீடுகள் பல ஆசிரமத்துக்கும் சர்க்கார் காரியாலயங்களுக்கும் போயின. கடைகண்ணி அதிகம் வராததால் பழைய மௌனம் தங்கியது. இப்போது சனி ஞாயிறுகளில் அந்த மௌனத்தைப் படம் பிடிப்பதற்கென்றே கூட்டம் வந்து, அதைக் கலைத்துவிட்டுப் போகிறது. மேற்கேயோ திண்ணைகளை இடித்துக் கடை கட்டிக் கொண்டிருக்கிறார்கள். வைசியாள் வீதியைப்போல் சில இடங்களில்தான் பழைய முகப்புகளைப் பழுது பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆகவே நண்பர்களுக்கு நான் சொல்வது: வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணை மிஞ்சியிருக்கிற வீடாகப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் இருக்கும். விடிவதற்கு முன் யாராவது வாசல் தெளிப்பார்கள். எந்த ஊர், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று எதிர்வீட்டுப் பாட்டி நிச்சயம் விசாரிப்பாள். கடலுக்கு நடந்து போகப் பத்துப் பதினைந்து நிமிஷந்தான்; மதில்களைப் போகிற வழியில் பார்த்துக் கொள்ளலாம்.