காலாங் கரையில் நான்கு விழாக்கள்

தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் சுதந்திரச் சிங்கப்பூரைவிடச் சில ஆண்டுகள் மூத்தவை. 1958ஆம் ஆண்டு மே மாதம் தோக்கியோவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது, தாய்லாந்து ஒலிம்பிக் குழுவின் துணைத் தலைவர் லுவாங் சுகும் நைபிரதித் அண்டை நாட்டுப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். ஏறக்குறைய சம பலமுள்ள அக்கம்பக்கத்து நாடுகள் தங்களுக்குள் போட்டியிட்டால் ஆட்டமும் தேறும், உறவும் வளரும் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே அது கைகூடியது. 1959 டிசம்பர் 12ஆம் நாள் பேங்காக்கில் முதல் ‘தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி’ தொடங்கியது. தாய்லாந்து, பர்மா, மலாயா, லாவோஸ், தென் வியட்நாம் ஆகிய நாடுகளோடு சிங்கப்பூரும் அணிவகுத்தது. நமக்குத் தன்னாட்சி கிடைத்து ஆறு மாதமே ஆகியிருந்த காலம் அது. நம் கொடி அறிமுகமானதே அந்த மாதம் 3ஆம் தேதிதான்.

1965 டிசம்பரில் மூன்றாவது போட்டி கோலாலம்பூரில் நடந்தது. மலேசியாவிலிருந்து நாம் பிரிந்த ஆகஸ்ட் 9க்குப் பிறகு நான்கு மாதம்தான் கடந்திருந்தது. பிரிந்து வந்த வீட்டுக்கே தனி நாடாக விருந்தாடப் போன நிலை நம் வீரர்களுடையது. அங்கே பதினொரு வயதுச் சிறுமி பெட்ரிஷியா சான் நீச்சலில் எட்டுத் தங்கம் வென்றார். புதிய நாடு தன்னை நம்புவதற்கு அப்போது அப்படிப்பட்ட செய்திகள் தேவைப்பட்டன. நம் நீர்ப்பந்தாட்ட அணியின் நீண்ட வெற்றி வரிசையும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது.

அண்டை நாடுகளை விருந்துக்கு அழைக்க வேண்டுமென்றால் முதலில் கூடம் வேண்டும். ஜாலான் புசாரில் ஒரு திடல் இருந்தது; அனைத்துலகப் போட்டிக்கு அது போதாது. பழைய காலாங் விமான நிலையத்தை ஒட்டிய நிலத்தில் தேசிய விளையாட்டரங்கம் எழுப்புவது என்று அரசு முடிவு செய்தது. 1966 இறுதியில் வேலை தொடங்கியது. அன்றைய சிங்கப்பூரில் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்ட வேண்டும், வேலையில்லாதவர்களுக்குத் தொழிற்சாலை அமைக்க வேண்டும், படை திரட்ட வேண்டும். பிரிட்டிஷ் துருப்புகள் வெளியேறப்போகும் செய்தி 1968இல் வந்து சேர்ந்தது. இவ்வளவுக்கும் நடுவில் விளையாட்டரங்கத்துக்குப் பணம் ஒதுக்குவது எளிதாக இருந்திருக்க முடியாது.

விளையாட்டுத் துறையைக் கவனித்துவந்த சமூக நல அமைச்சர் ஓத்மான் வோக் அதற்கு ஒரு வழி சொன்னார். 1968 மே மாதம் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. கள்ளச் சூதாட்டத்துக்குப் போகும் பணத்தைச் சட்டப்படியான குலுக்குச்சீட்டின் பக்கம் திருப்பி, வரும் உபரியைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிடுவது நோக்கம். முதலில் டோட்டோ வந்தது. மறு ஆண்டு சிங்கப்பூர் ஸ்வீப் வந்தது. இரண்டின் வருவாயும் காலாங் கட்டுமானத்துக்குக் கைகொடுத்தது. சீட்டு வாங்குவதைக் கண்டாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் சமூகத்தில் இன்றும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் பரிசு விழாத அந்த ஆயிரக்கணக்கான சீட்டுகளும் அரங்கின் கான்கிரீட்டில் சேர்ந்திருக்கின்றன என்பதை வரலாறு எழுதுபவர் மறைக்க முடியாது.

சுமார் ஐந்து கோடி வெள்ளியில் 55,000 பேர் அமரக்கூடிய அரங்கம் எழுந்தது. 1973 ஜூலை 21ஆம் நாள் பிரதமர் லீ குவான் இயூ அதைத் திறந்துவைத்தார். அடுத்த ஆறு வாரத்தில், செப்டம்பர் 1ஆம் நாள், அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் ஏழாவது தீபகற்பப் போட்டியைத் தொடங்கிவைத்தார். அமைச்சர் இ. டபிள்யூ. பார்க்கர் 1970 முதல் தேசிய ஒலிம்பிக் மன்றத்தின் தலைவராக இருந்து இதற்கெல்லாம் தோள் கொடுத்தவர்.

வீரர்களைத் தங்கவைத்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடம்பர விளையாட்டுக் கிராமம் எதுவும் கட்டப்படவில்லை. தோ பாயோ நகர மையத்தில் எழுந்துகொண்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் நான்கு புளோக்குகள் விருந்தினருக்கு ஒதுக்கப்பட்டன. பின்னால் தோ பாயோ நூலகமாக மாறிய கட்டடம் போட்டியின் செயலகமாக இயங்கியது. போட்டிக்காகக் கட்டிய நீச்சல் வளாகத்தில் பின்னர் வட்டாரப் பிள்ளைகள் நீச்சல் பழகினார்கள். பர்மிய ஓட்டக்காரரும் லாவோஸ் குத்துச்சண்டை வீரரும் துணி உலர்த்திய வீடுகளில் அடுத்துக் குடிபுகுந்தவர்கள் சாதாரண சிங்கப்பூர்க் குடும்பத்தினர். சிக்கனமா, தொலைநோக்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்றைய தலைவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அந்த எட்டு நாள்களில் மூத்தோர் இன்றும் மறக்காதது பெண்கள் 200 மீட்டர் ஓட்டம். ஆசிரியையான குளோரி பர்னபாஸும் பர்மாவின் நட்சத்திர வீராங்கனை தான் தானும் எல்லைக் கோட்டை ஒன்றாகவே தொட்டார்கள். வெற்றி யாருக்கென்று கண்ணால் சொல்ல முடியவில்லை. புகைப்படத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தங்கம் குளோரிக்கு என்று அறிவிப்பு வந்தபோது காலாங் அதிர்ந்தது. 400 மீட்டரில் சீ சுவீ லீயும் தங்கம் வென்றார். 39 தங்கங்களோடு பெட்ரிஷியா சான் ஓய்வு பெற்றதும் இதே போட்டியோடுதான். போட்டி முடிந்த மறுமாதம், அக்டோபர் 1ஆம் நாள், சிங்கப்பூர் விளையாட்டு மன்றம் அமைக்கப்பட்டது.

1977இல் இந்தோனேசியாவும் பிலிப்பீன்ஸும் புருணையும் சேர்ந்ததால் பெயரிலிருந்த ‘தீபகற்பம்’ நீங்கி, தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் என்று ஆயிற்று. கோலாலம்பூரில் நடந்த அந்தப் போட்டியில் 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் தங்கம் வென்றவர் நம் கே. ஜெயமணி.

1983 மே 28ஆம் நாள் விழா இரண்டாம் முறை காலாங்குக்கு வந்தது. அதிபர் தேவன் நாயர் தொடங்கிவைத்தார். எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்க இன்னும் நான்கு ஆண்டு இருந்தது; ரயில் இல்லாமலேயே கூட்டம் வந்து சேர்ந்தது. பெண்கள் மாரத்தான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட போட்டி அது. நம் காலைநேர வெயிலும் ஈரக்காற்றும் எப்படி என்பது இங்கே ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த முதல் தங்கமும் ஜெயமணிக்கே கிடைத்தது. நீச்சலில் ஜூனி சிங் தங்கங்களைக் குவித்து விடைபெற்றார்.

1993 ஜூன் மாதம் மூன்றாம் முறை. ஒன்பது நாடுகள் வந்தன; அதிபர் வீ கிம் வீ தொடங்கிவைத்தார். நம் அணி ஐம்பது தங்கம் வென்றது. அதுவரை அதுவே நமது உச்சம். பதினான்கு வயது ஜோஸலின் யோ மட்டும் ஒன்பது தங்கம் வென்றார். 2005இல் அவர் நாற்பதாவது தங்கத்தோடு பெட்ரிஷியாவின் எண்ணிக்கையைக் கடந்தார். இடையில், 2001 கோலாலம்பூர் போட்டியில் யு. கே. ஷியாம் 100 மீட்டரை 10.37 விநாடியில் ஓடி, சி. குணாளன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஓடிய 10.38 விநாடித் தேசியச் சாதனையை முறியடித்தார். குணாளனின் சாதனை 33 ஆண்டு நின்றது.

2007 ஜூன் 30ஆம் நாள் பழைய அரங்கம் மூடப்பட்டது. அதே இடத்தில் புதிய விளையாட்டு நடுவம் கட்டும் திட்டம் உலக நிதி நெருக்கடியில் சிக்கித் தாமதமானது. 2013இல் நடத்த எண்ணிய போட்டி 2015க்குத் தள்ளிப்போனது. 2014இல், 310 மீட்டர் அகலக் குவிமாடத்தின்கீழ், புதிய தேசிய அரங்கம் பயன்பாட்டுக்கு வந்தது.

நாட்டின் பொன்விழா ஆண்டில் நான்காவது விழா அமைந்தது. 2015 ஜூன் 5ஆம் நாள் காற்பந்து வீரர் ஃபாண்டி அகமதும் அவர் மகன் இர்ஃபானும் சேர்ந்து தீபம் ஏற்றினார்கள். அன்று காலைதான் சாபாவில் நிலநடுக்கம். கினபாலு மலைக்குச் சென்றிருந்த தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்களை இழந்தோம். ஜூன் 8ஆம் நாள் தேசிய நினைவு நாளாக அறிவிக்கப்பட்டது. போட்டி நடந்த இடங்களில் எல்லாம், பதினொரு நாட்டவரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அண்டை நாடு என்ற உறவுக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

36 விளையாட்டுகள், 402 தங்கங்கள். தொண்டூழியர்கள் மட்டும் பதினேழாயிரம் பேர். வழிகாட்டியதும் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததும் மொழிபெயர்த்ததும் அவர்களே. ஜோசஃப் ஸ்கூலிங் நீச்சலில் இறங்கிய ஒன்பது போட்டிகளிலும் தங்கம் வென்றார். நீர்ப்பந்தாட்டத் தங்கம் இம்முறையும் நம்மிடமே தங்கியது. மொத்தம் 84 தங்கம் பெற்று 1993இன் உச்சத்தைத் தாண்டினோம். பெண்கள் 200 மீட்டரில் பதினெட்டு வயது சாந்தி பெரேரா 23.60 விநாடியில் ஓடி முதலில் வந்தார். குளோரி பர்னபாஸுக்குப் பிறகு அந்தத் தங்கம் சிங்கப்பூருக்குத் திரும்ப 42 ஆண்டு ஆயிற்று.

2029இல் சிங்கப்பூர் ஐந்தாம் முறையாகப் போட்டியை ஏற்று நடத்தவிருக்கிறது. இதைப் படிக்கும் இளையர்கள் ஓடுதடத்திலோ தொண்டூழியர் வரிசையிலோ அங்கே இருக்க வேண்டும். மூத்தோர் தங்கள் பேரப்பிள்ளைகளை இப்போதே திடலுக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.