எஸ்பெராந்தோவில் எழுதிய காற்று

ஜெட் ஸ்ட்ரீம்னு சொன்னாலே எனக்கு வசாபுரோ ஓயிஷி ஞாபகம்தான் வரும். ஜப்பானில் டட்டெனோ வானிலை ஆய்வகத்தின் தலைவர். 1920-களில் பலூன் பலூனாப் பறக்கவிட்டு, கண்ணால் பின்தொடர்ந்து, உயரத்தில் மேற்கிலிருந்து பாயும் அசுரக் காற்றைக் கண்டுபிடிச்சார்.

காரணம் இதுதான்: தெற்கே சூடான காற்று உப்பி நிற்கும், வடக்கே குளிர்ந்து சுருங்கும். அதனால் உயரத்தில் அழுத்தம் வடக்கே தள்ளும்; பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடும்.

வெளிநாட்டாரும் படிக்கட்டும்னு மனுஷன் 1926-ல் அறிக்கையை எஸ்பெராந்தோவில் எழுதினார்! அநேகமா யாரும் கண்டுக்கலை. 1944 நவம்பரில் டோக்கியோ மேல் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கி, குண்டுகள் பெரும்பாலும் குறி தவறின.

அதே காற்றில்தான் ஜப்பான் ராணுவம் சுமார் 9,000 குண்டு பலூன்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1945 மே 5-ல், ஓரிகான் காட்டுக்குப் பிக்னிக் போன ஒரு கர்ப்பிணியும் ஐந்து பிள்ளைகளும் அதில் ஒன்று வெடித்துச் செத்தாங்க.