கண்ணியும் கிளட்ச்சும்: கூட்டு அறுவடை இயந்திரங்களின் களப் பழுதுநீக்கம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

வேளாண் இயந்திர வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. முறிந்த இயந்திரத்தை வயலிலேயே மீண்டும் ஓடச் செய்த உழைப்பு அதில் அடிக்குறிப்பாகவே எஞ்சுகிறது. முற்றிய கோதுமையோ காத்திருப்பதில்லை. மணி உதிரும், மழையும் வரும். கதிரறுப்பையும் கதிரடிப்பையும் ஒருங்கே செய்த வட அமெரிக்க இயந்திரங்களை முன்வைத்து, களத்துப் பழுதுநீக்கத்தின் தேவை அவற்றின் வடிவமைப்பைப் பாதித்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மிச்சிகனைச் சேர்ந்த ஹைரம் மூர் 1836இல் காப்புரிமை பெற்ற இயந்திரமும் அதன் வழிவந்தவையும் குதிரைகளால் இழுக்கப்பட்டன. தரையில் உருளும் சக்கரமே வெட்டுப்பகுதிக்கும் அடிக்கும் உருளைக்கும் ஆற்றலை வழங்கியது. குதிரைகள் மிரண்டு ஓடினால் அந்த அதிர்ச்சி முழுவதும் பற்சக்கரங்களில் இறங்கும். வார்ப்பிரும்புப் பல் முறிந்தால் அதை வயலில் வார்த்துக்கொள்ள இயலாது.

இச்சிக்கலுக்கான விடை அயோவா மாநிலத்தில் வேளாண் கருவி விற்பனை செய்துவந்த வில்லியம் டானா எவர்ட்டிடமிருந்து கிடைத்தது. அவர் 1874இல் காப்புரிமை பெற்ற சங்கிலியில், ஒரு கண்ணியின் கொக்கி அடுத்த கண்ணியின் குறுக்குத் தண்டைப் பற்றிக்கொள்ளும். இழுவையில் இருக்கும்வரை அது கழலாது. தளர்த்தி, மடித்து, பக்கவாட்டில் நகர்த்தினால் கையாலேயே கழற்றலாம். தரையாணியும் கொல்லன் உலையும் வேண்டா. சில உதிரிக் கண்ணிகள் போதும். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஹோல்ட் சகோதரர்கள் 1886இல் உருவாக்கிய அறுவடை இயந்திரம் பற்சக்கரங்களுக்கு மாற்றாக இத்தகைய கண்ணிச் சங்கிலிகளைக் கொண்டிருந்தது. முறிவுகள் குறைந்தன என்பது அதன் முதன்மைச் சிறப்பாகக் கூறப்படுகிறது. விரைவில் சரிசெய்ய முடிந்தது என்பதும் அதற்கு இணையான சிறப்பு என்பதே கட்டுரையாளரின் கருத்து.

கிளட்ச்சின் இயல்பு வேறு. மிகைச்சுமைக் கிளட்ச்சில் பல்வெட்டிய இரு தட்டுகளை ஒரு விற்சுருள் அழுத்திப் பிடித்திருக்கும். வைக்கோல் அடைத்துக்கொண்டால் தட்டுகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி, தடதடவென ஒலி எழுப்பி, தண்டைக் காக்கும். பற்கள் தேய்ந்தபின் சிறு சுமைக்கும் வழுக்கத் தொடங்கும். அப்போது களத்தில் செய்யக்கூடியவை இரண்டு: விற்சுருளை மேலும் இறுக்குதல் அல்லது இரு தட்டுகளையும் போல்ட் இட்டுப் பிணைத்தல். இரண்டாவது வழியில் இயந்திரம் ஓடும். ஆனால் அது கிளட்ச்சாக இராது. அடுத்த அடைப்பின் சுமை சங்கிலிக்கோ தண்டுக்கோ செல்லும். எவர்ட்டின் கண்ணியை மாற்றினால் பழுது முற்றிலும் நீங்கியது. கிளட்ச்சைப் பிணைத்தாலோ பழுது இடம்பெயர்ந்தது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் இரண்டையும் 'தற்காலிகப் பழுதுநீக்கம்' என்று ஒருசேரக் குறிப்பது பொருத்தமன்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இவ்வேறுபாடு கூர்மை பெற்றது. எஃகு பங்கீட்டுக்கு உட்பட்டிருந்த 1944இல், மாஸி-ஹாரிஸ் நிறுவனம் கூடுதலாக 500 தானியங்கி அறுவடை இயந்திரங்களைச் செய்ய அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியத்திடம் இசைவு பெற்றது. 'அறுவடைப் படை' எனப்பட்ட அவ்வணி, பயிர் முற்றும் வரிசையில் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து 10 லட்சம் ஏக்கருக்கும் மேல் அறுத்தது. ஒரு நாள் நின்ற இயந்திரம் அன்றைய வயலை மட்டுமன்றி, வடக்கே அடுத்து முற்றிக்கொண்டிருந்த வயலையும் தாமதப்படுத்தும். இத்தகைய நெருக்கடியில் தேய்ந்த தட்டுகளைப் பிணைத்து அன்றைய பொழுதை ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் ஓட்டுநருக்கு எழுவது இயல்பே. அவ்வாறு ஓட்டுபவர் தட்டுகளின் தடதடப்பு என்னும் எச்சரிக்கையை இழந்துவிடுகிறார். அடைப்பை அவர் அறிவது தண்டு முறியும் ஓசையில்தான்.