லினக்ஸ் பதிப்பெண்களும் காலப்பகுப்பும்

ஆட்சிமாற்றங்களைக் கொண்டு காலத்தைப் பகுப்பது வரலாற்று மாணவரின் வழக்கம். மன்னன் மாறிய ஆண்டிலேயே சமுதாயமும் மாறிற்று எனக் கொள்வதிலுள்ள இடரை நாம் அறிவோம். லினக்ஸின் வரலாற்றை அதன் பதிப்பெண்களைக் கொண்டு எழுதுவோரும் இவ்விடருக்கே உள்ளாகின்றனர்.

லினக்ஸ் என்பது கணனியின் வன்பொருளுக்கும் ஏனைய மென்பொருள்களுக்கும் இடைநின்று இயங்கும் கரு. அதன் மூலநிரலை எவரும் பெற்றுத் திருத்தலாம். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991 செப்ரெம்பரில் 0.01 என்ற பதிப்பை வெளியிட்டார். 1994 மார்ச்சில் 1.0 வெளிவந்தபின் ஒரு மரபு நிலைபெற்றது. இரண்டாம் இலக்கம் இரட்டையாயின் அப்பதிப்பு பொதுப் பயன்பாட்டிற்குரியது, ஒற்றையாயின் பரிசோதனைக்குரியது. எதனை நம்பலாம் என்பதை எண்ணைக் கண்டமாத்திரத்தே எவரும் உணரக்கூடியதாயிருந்தது.

எனினும் இவ்வொழுங்கின் சுமை பயனாளர் மீதே விழுந்தது. 2.4 வெளியானது 2001 சனவரியில். அடுத்த நிலைப்பதிப்பான 2.6 வெளியானதோ 2003 டிசெம்பரில். புதிய வன்பொருள் வாங்கியோர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் காத்திருப்பரோ? லினக்ஸைத் தொகுத்து வழங்கிய நிறுவனங்கள், பரிசோதனைப் பதிப்பான 2.5இலிருந்து வேண்டியவற்றை எடுத்துத் தத்தம் 2.4இல் ஒட்டலாயின. இதனால் ஒரே எண்ணைத் தாங்கிய பதிப்புகள் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டன. 2.4 என்ற எண்ணை மட்டும் கண்டு எதனையும் துணியமுடியாத நிலை ஏற்பட்டது.

2004 யூலையில் கனடாவின் ஒட்டாவா நகரிற் கூடிய உருவாக்குநர், 2.7 எனும் பரிசோதனைக் கிளையை உடனே தொடங்காது, 2.6இலேயே புதியனவற்றைச் சேர்த்துச் செல்லத் தீர்மானித்தனர். 2.7 பின்னர் ஒருபோதும் பிறக்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் முதலிரு வாரங்களில் மாத்திரம் புதியன ஏற்கப்பட்டு, எஞ்சிய வாரங்கள் பிழைதிருத்தத்திற்கு ஒதுக்கப்பட்டன. இரண்டு மூன்று மாதங்களுக்கொரு பதிப்பு வெளிவந்தது. லினக்ஸ் வரலாற்றின் மெய்யான திருப்பம் இதுவே என்பது என் துணிபு. ஆயின் முதன்மை எண்ணில் அதன் சுவடேயில்லை, 2.6 என்பது 2011 வரை நீடித்தது.

2011 யூலையில் 3.0 வந்தபோது நிகழ்ந்ததோ நேரெதிர். பெருமாற்றம் எதுவுமில்லை என ரோர்வால்ட்ஸே அறிவித்தார், 2.6.39 வரை நீண்டுவிட்ட எண்ணைச் சுருக்குவதே நோக்கமாயிருந்தது. பழைய எண்ணமைப்பையே எதிர்பார்த்த நிரல்கள் சில இதனால் இடறின. ஆகவே பெடோரா 15ஐ வழங்கியோர், அதே 3.0ஐத் தம் பயனாளர்க்கு 2.6.40 என்ற எண்ணிட்டு அனுப்பினர். அப்பயனாளரை நாம் எந்த யுகத்தில் வைப்பது?