கல்பாக்கத்தில் ஒரு கலன் ஏன் சாய்ந்தது?

ஆவடியில் என் ரூம்ல உட்கார்ந்து இதைப் பேசுறேன். பக்கத்துல ஃபிளாஸ்க்ல டீ. காலையில ஊத்தினது, இன்னும் சூடா இருக்கு.

ஃபிளாஸ்க் உள்ளே ஒரு கண்ணாடி உருளைக்குள்ள இன்னொரு உருளை. நடுவுல இடைவெளி. 1892-ல் ஜேம்ஸ் டியூவர் அந்த இடைவெளியிலிருந்து காற்றை வெளியே எடுத்தார். காற்று இருந்தால் சூடான சுவரை ஒட்டி ஏறும், ஆறின சுவரை ஒட்டி இறங்கும், வெப்பத்தை வெளியே கொண்டுபோயிடும். ஃபேன் வேண்டாம், பம்ப் வேண்டாம். இதுதான் இயற்கை வெப்பச்சலனம்.

இதே மாதிரி ஓர் இடைவெளி கல்பாக்கத்தில் அணு உலைக்கே தலைவலி கொடுத்திருக்கு.

அங்கே இருக்கும் எஃப்பிடிஆர் ஒரு சோதனை வேக ஈனுலை. பிரான்சின் ராப்சோடி உலையை ஒட்டி வடிவமைச்சது. 1985 அக்டோபர் 18-ல் முதன்முதலா இயங்கத் தொடங்கியது. இதில் வெப்பத்தைச் சுமப்பது தண்ணீர் இல்லை, உருகின சோடியம். சூடான சோடியம் காற்று பட்டால் எரியும். அதனால மேலே ஆர்கான் வாயுவை நிரப்பி வெச்சிருப்பாங்க.

அந்த ஆர்கான், கலனின் மேல்பகுதியில் இருக்கும் ஒடுக்கமான வளைய இடைவெளிக்குள்ளேயும் போகும். கீழே சூடு, மேலே குளிர்ச்சி. வரைபடத்தில் எல்லாப் பக்கமும் சமம்தான். ஆனா ஆர்கான் ஒரு பக்கமா ஏறி, எதிர்ப்பக்கமா இறங்கியது. ஏறின பக்கம் அதிகமா சூடாகி, அதிகமா விரிந்தது. கலன் லேசா சாய்ந்தது. எரிபொருள் கட்டுகளை மேலிருந்து நேரா இறக்கும் உலையில் அந்த ‘லேசா’கூட சின்ன விஷயம் இல்லை.

மருந்து என்ன தெரியுமா? ஹீலியம். ஆர்கானோட அதையும் கலந்தாங்க. அதன் அடர்த்தி ஆர்கானில் பத்தில் ஒரு பங்கு. வெப்பத்தைக் கடத்துவதோ சுமார் 8 மடங்கு. சுழற்சியைக் கிளப்பும் எடை வித்தியாசம் குறைந்தது, வெப்பமும் இரண்டு பக்கத்துக்கும் பரவியது. சாய்வு குறைந்தது.

அடுத்து வந்த 500 மெகாவாட் பிஎஃப்பிஆர் உலைக்கு இந்த இடைவெளி ஓட்டத்தைத் தனியாகவே ஆராய்ந்தாங்க.

இன்ஜினியரிங் படிச்சப்போ ‘சமச்சீர் எனக் கொள்க’ன்னு எழுதி, பாதிக் கணக்கைத் தாண்டிப் போயிடுவேன். இப்போ கோட் எழுதும்போதும் எல்லா சர்வரும் ஒரே சுமையை வாங்கும்னு நம்பிடுறேன். வடிவம் சமமா இருந்தா நடப்பதும் சமமா இருக்கும்னு யார் சொன்னது? ஆர்கான் சொல்லலை.