வெடி

வெடி: தமிழில் வினையாகவும் பெயராகவும் வழங்கும் சொல். பிளத்தல், ஓசையுடன் சிதறுதல் என்பன இன்றைய முதன்மைப் பொருள்கள். பழைய இலக்கியத்தில் துள்ளிப் பாய்தலையும் குறித்தது. வாளை மீன் நீரை விட்டு எம்புவதும் வெடிதான்.

விருதுநகர் வட்டாரத்தில் இச்சொல்லின் பொருள்கள் இன்றும் அருகருகே வாழ்கின்றன. கோடையில் கரிசல் நிலம் வெடிப்பு விடும். பருத்திக்காய் வெடிக்கும், வெள்ளரிப்பழம் வெடிக்கும், பாதத்தில் பித்தவெடிப்பு வரும். இவை எதிலும் நெருப்பு இல்லை. துப்பாக்கிக் காலத்தில் மருந்தோடு சேர்ந்து வெடிமருந்து ஆனபோதுதான் நெருப்பு இச்சொல்லுக்குள் புகுந்தது. 1920களில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினர். அதன் வழியே மத்தாப்பும் பட்டாசும் வளர, வெடி வகைப்பெயர்களின் ஈறாயிற்று: ஓலைவெடி, குருவிவெடி, லட்சுமிவெடி, சரவெடி. இவற்றுள் சரவெடியை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடைசெய்தது.

இலக்கணத்தில் இச்சொல் மிகச் சுவையானது. வெடிகுண்டு வினைத்தொகை, வெடித்த, வெடிக்கிற, வெடிக்கும் குண்டு என முக்காலமும் அதில் அடங்கும், ஆகவே வல்லொற்று மிகாது. வெடிச்சத்தம் அப்படியன்று. அங்கே வெடி பெயர்ச்சொல். வெடியினது சத்தம் என விரியும், ஒற்றும் மிகும். பட்டாசையே வெடி என்பது தொழிலாகுபெயர்.

திருந்து, திருத்து போலத் தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம் இதற்கு இல்லை. "பட்டாசு வெடித்தது", "பையன் பட்டாசு வெடித்தான்" இரண்டும் வழக்கே. ஆனால் வெயில் நிலத்தை வெடித்தது என்று யாரும் சொல்வதில்லை. குண்டு என்றால்கூட வெடிக்கச் செய்தார்கள் என்றே எழுதுகிறோம். துணைவினையின் உதவியின்றிச் செயப்படுபொருள் ஏற்கும் உரிமை பெரும்பாலும் பட்டாசுக்கே உண்டு.

இலங்கைத் தமிழிலும் மலையாளத்திலும் வெடி துப்பாக்கிச் சூட்டையும் சுட்டும். திருச்சூர்ப் பூரத்தின் வாணவேடிக்கை வெடிக்கெட்டு.

சிவகாசிப் பகுதியில் இச்சொல்லின் கனத்த கூட்டு வெடிவிபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய செய்திகளில் "மருந்து வெடித்தது" என்றே வாக்கியம் அமைகிறது. எழுவாய் மருந்து, அதைக் கலந்தவர், கலக்கச் சொன்னவர், அறையில் அளவுக்கு மீறிக் குவிக்க விட்டவர் எவருக்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை.