ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டா? வேலையை விட்டு நிற்கும்போது என்னென்ன பணம் வரும்? முழு விவரம்!

'நீங்களே ராஜினாமா லெட்டர் கொடுத்துடுங்க, அதுதான் உங்க எதிர்காலத்துக்கு நல்லது.' ஆட்களைக் குறைக்கும் நிறுவனங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பேப்பரை நீட்டியதும் பலரும் பதற்றத்தில் கையெழுத்து போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரு கையெழுத்தால் கைக்கு வரவேண்டிய ஒரு தொகை அப்படியே போய்விடலாம். எந்தத் தொகை போகும், எது போகாது என்று பார்ப்போம்.

வேலை முடியும்போது வரும் பணத்தில் இரண்டை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. இன்னொன்று ஆட்குறைப்பு இழப்பீடு. பி.எஃப். பணம் இந்த இரண்டிலும் சேராது, அது தனிக் கணக்கு.

கிராஜுவிட்டி யாருக்கு?

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடை, கம்பெனி, பள்ளி என எங்கே இருந்தாலும், தொடர்ந்து 5 வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. நீங்களாக ராஜினாமா செய்தாலும் சரி, ஓய்வு பெற்றாலும் சரி, அவர்களே அனுப்பினாலும் சரி. 'ரிசைன் பண்ணா கிராஜுவிட்டி கிடையாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1972-ம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்திலேயே இந்த உரிமை இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது.

இறப்பு, ஊனம் ஆகிய காரணங்களால் வேலை முடிந்தால் 5 வருட நிபந்தனையே இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு நிறுவனமே நேரடியாக வேலைக்கு எடுத்தவர்களுக்கு, புதிய சட்டப்படி ஒரு வருடம் முடித்தாலே கிடைக்கும்.

4 வருடம் 10 மாதத்தில் நிற்பவர்கள் கவனிக்க: ஐந்தாவது வருடத்தில் 240 நாட்கள் வேலை பார்த்திருந்தால் அதை முழு வருடமாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனாலும் நிறுவனங்கள் இதை லேசில் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு மாதம்தான் பாக்கி என்றால் 5 வருடத்தை முடித்துவிட்டே வெளியே வருவது நல்லது.

கணக்கு போடுவது எப்படி?

கடைசியாக வாங்கிய பேசிக் + டிஏ தொகையை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுக்க வேண்டும். அதை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கினால் போதும். பேசிக், டிஏ சேர்த்து 18,000 ரூபாய், சர்வீஸ் 7 வருடம் 8 மாதம் என்று வைத்துக்கொள்வோம். 6 மாதத்துக்கு மேல் இருந்தால் முழு வருடமாகும் என்பதால் 8 வருடம். கிடைப்பது சுமார் 83,077 ரூபாய். அதே நபர் 7 வருடம் 5 மாதத்தில் நின்றால் 72,692 ரூபாய்தான். உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய்.

பேசிக்கை குறைவாக வைத்து மீதியை அலவன்ஸாகக் காட்டும் வழக்கம் நிறைய இடங்களில் உண்டு. இதற்கும் புதிய சட்டம் செக் வைத்திருக்கிறது. அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளக் கணக்கில் சேர்ந்துவிடும். மொத்தம் 30,000, பேசிக் 10,000 என்றால் இனி குறைந்தது 15,000-க்கு கணக்கு போட வேண்டும். 10 வருட சர்வீஸுக்கு 57,692 ரூபாய் வந்த இடத்தில் 86,538 ரூபாய் வரும். பே ஸ்லிப்பை இப்பவே எடுத்துப் பாருங்க.

அந்தக் கையெழுத்தில் போவது எது?

ஆட்குறைப்பு இழப்பீடுதான். ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பில் அனுப்பினால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். கூடவே, ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். புதிய சட்டத்தில் மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளம் 45 நாட்களுக்குள் தொழிலாளர் கணக்கில் சேரவும் வழி இருக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மேனேஜர்களுக்கு இது பொருந்தாது. கிராஜுவிட்டி அவர்களுக்கும் உண்டு.

நீங்களாக ராஜினாமா செய்ததாகப் பதிவானால் அது ஆட்குறைப்பே இல்லை. அப்புறம் இழப்பீடு கேட்க வேண்டுமானால், மிரட்டித்தான் எழுதி வாங்கினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அது லேசான காரியமில்லை. அதனால் யோசிக்க டைம் கேளுங்கள், லெட்டரின் நகலை வாங்குங்கள். சொன்ன விஷயத்தை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். 'எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்ற பேப்பரில், பணம் வரும் முன் கையெழுத்து போடாதீர்கள்.

பணம் தரவில்லை என்றால்?

கிராஜுவிட்டியை 30 நாட்களுக்குள் தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேரும். எழுத்துப்பூர்வமாக விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேட்டாக விண்ணப்பித்தார் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. இழுத்தடித்தால் தொழிலாளர் துறையில் பணிக்கொடை வழக்குகளைப் பார்க்கும் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், பி.எஃப். பாஸ்புக், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை கையில் இருந்தால் போதும். ஆஃபர் லெட்டரே தராத இடமாக இருந்தால், எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு பி.எஃப். பாஸ்புக்கும் வங்கிக் கணக்கும்தான் சாட்சி.